ரோதியோன் உட்கார்ந்த இருக்கை

வாங்கிய பொருளை வாங்கிய மாதிரியே திருப்பிக் கொடுப்பது இத்தனை பெரிய பாடாக இருக்கும் என்று சண்டை நடந்த காலத்தில் சவேலிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்போது டாங்கி தீப்பிடிக்காமல் இருந்தால் போதும். அதன் சுத்தியல் எங்கே, ஸ்பானர் எங்கே என்று எவன் பார்த்தான்? இப்போது பார்த்தார்கள். சண்டை முடிந்து, கருங்கடல் துறைமுகத்துச் சேற்றில், டிசம்பர் மாதக் குளிரில், அமெரிக்கா அனுப்பிய டாங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஒப்பந்தம் அப்படி. சண்டையில் அழிந்தது அழிந்ததுதான், அதற்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பிழைத்துக் கிடப்பவற்றை மட்டும், கொடுத்தவன் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டுவிட்டான். கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

"அவங்க கொடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்" என்றார் கேப்டன் சாஹ்னோ. ஒப்படைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. சண்டை முழுவதையும் கிடங்குகளில் கழித்த மனிதர். அதனாலோ என்னவோ, சண்டை போட்டவர்களைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். "பெயின்ட் புதுசா இருக்கணும். சாமான் எல்லாம் அது அது இடத்துல இருக்கணும். நாளைக்கு அமெரிக்காக்காரன் மூடியைத் தூக்கிப் பாத்துட்டு, 'இவனுங்க எல்லாம் மாட்டுத் தொழுவத்துல வளந்தவனுங்க'ன்னு சொல்லிடக் கூடாது."

"நாம அங்கதானே வளந்தோம், தோழர் கேப்டன்?" என்றான் கோஸ்மா.

கோஸ்மா எதிரே நின்ற டாங்கியின் குண்டு நிரப்புகிறவன். சவேலி டிரைவர். ஐந்து பேர் இருந்த வண்டியில் இப்போது மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான். கோஸ்மாவின் வாய்க்கு இதுவரை எப்படிக் காவல் அறை கிடைக்காமல் போனது என்பது படைப்பிரிவில் பலருக்கும் ஆச்சரியம்.

சாஹ்னோ அவனை முறைத்துவிட்டு டாங்கியின் சுழல்கோபுரத்துக்குள் இறங்கினார். உள்ளே உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு தலை மட்டும் வெளியே வந்தது.

"கமாண்டர் சீட்டு எங்கய்யா?"

"இருக்கே, தோழர் கேப்டன்" என்றான் சவேலி.

"இரும்பு இருக்கு. தோல் எங்க?"

சவேலி குனிந்து தன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டினான். பதில் தெரியாமல் இல்லை.

அந்த டாங்கிகளின் இருக்கைத் தோல் என்ன ஆனது என்று படையில் கேட்டால் குதிரைகூடச் சொல்லும். அமெரிக்காக்காரன் தன் டாங்கிக்குள் இருக்கைக்குப் பஞ்சு வைத்து, அதன்மேல் பழுப்பு நிறத்தில் வழவழவென்று தோல் போர்த்தி அனுப்பியிருந்தான். சேற்றில் முழங்கால்வரை இறங்கி நடக்கிற காலாட்படைக்காரன் அதைப் பார்த்தால் சும்மா இருப்பானா? டாங்கிக்காரன் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் கத்தியோடு உள்ளே இறங்கி உரித்துவிடுவான். அடுத்த ஊரில் பார்த்தால் அவன் காலில் பூட்ஸாக மின்னும். திட்டுவார்கள், துரத்துவார்கள், அதற்குமேல் யாரும் பெரிதுபடுத்தியதில்லை. இரும்பில் உட்கார்ந்தும் சண்டை போடலாம், வெறுங்காலோடு நடக்க முடியாது.

ஆனால் சவேலியின் வண்டியில் கமாண்டர் இருக்கையை உரித்தது காலாட்படைக்காரன் இல்லை. சவேலியேதான்.

கமாண்டர் லெப்டினன்ட் ரோதியோன் அந்த டாங்கி வந்த நாளில் அந்த இருக்கையில் முதன்முதலாக உட்கார்ந்து பார்த்து, "என் கல்யாணத்துலகூட எனக்கு இப்படி ஒரு நாற்காலி போடலடா" என்றார். அன்றிலிருந்து உக்ரைன், ருமேனியா, ஹங்கேரி என்று அதே இருக்கையில்தான் இருந்தார். ஹங்கேரியில் ஓர் ஏரிக்கரையில், மூடிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்த ஒரு நொடியில் குண்டுச் சிதறல் பட்டு, அந்த இருக்கையிலேயேதான் சரிந்தார். டாங்கியைப் பழுது பார்க்க இழுத்துப் போனபோது சுற்றிலும் காலாட்படை நின்றிருந்தது. அவர்கள் கண் இருக்கைகளின் மேல் இருப்பதைச் சவேலி பார்த்தான். ரோதியோன் இருந்த இடத்தை எவனோ ஒருவன் காலில் மாட்டிக்கொண்டு போவதா? கத்தியை எடுத்து அவனே உரித்துச் சுருட்டிக்கொண்டான். படைப்பிரிவின் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, லாரி டயரை அடியில் வைத்து, ஒரு பெண் கால் அளவுக்குக் கணுக்கால் பூட்ஸ் தைத்து வாங்கினான். ரோதியோனின் மனைவி அக்லயா இந்தத் துறைமுக ஊரில்தான் இருந்தாள். போன கோடையில் படைப்பிரிவு இங்கே வந்ததும் அவளைத் தேடிப் போய், மற்றவர்கள் போல வெறுங்கையோடு ஆறுதல் சொல்லாமல், அந்தப் பூட்ஸைக் கொடுத்தான். இது எங்கிருந்து வந்த தோல் என்பதையும் சொன்னான்.

"மத்த சீட்டெல்லாம் உடைஞ்ச வண்டிலேர்ந்து கழட்டிப் போட்டிருக்கீங்க, சரி" என்றார் சாஹ்னோ. "இதையும் போடு."

"இனிமே எங்கயும் இல்ல, தோழர் கேப்டன். எல்லா வண்டிக்காரனும் அள்ளிட்டுப் போயிட்டான்."

"அது எனக்குத் தெரியாது. கப்பல் வர்றதுக்குள்ள சீட்டுல தோல் இருக்கணும். இல்லேன்னா நேச நாட்டுச் சொத்தைக் கெடுத்தவன்னு எழுதித் தள்ளிடுவேன். கடிகாரக்காரனுக்குத் துணைக்கு ஆள் வேணும்."

கடிகாரக்காரன் என்றால் அடுத்த வரிசை டாங்கியின் டிரைவர். வண்டியின் கடிகாரத்தைக் கழற்றி வியன்னாவில் யாருக்கோ கொடுத்து மது வாங்கியிருந்தான். போன வாரம் சாஹ்னோ அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். அவன் இப்போது காவல் அறையில் இருந்தான். அங்கிருந்து அவனை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

சவேலி பயந்துபோனான். பயந்தான் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நான்கு வருடம் சாவுக்குத் தப்பியவன், வோல்கா கரையில் தன் வீட்டு அடுப்பைப் பற்றித் தினம் கனவு காண்கிறவன், ஒரு முழத் தோலுக்காக ஜெயிலுக்குப் போவதா? படையிலிருந்து விடுதலைச் சீட்டு வந்ததும் அக்லயாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வேறு வைத்திருந்தான். என்னோடு வருகிறாயா என்று. கோடையிலிருந்து அந்தக் கேள்வி தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

முதலில் தார்ப்பாயை வெட்டித் தைத்துப் பழுப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தான். சாஹ்னோ விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கூடாரம்" என்றார். சந்தையில் தேடினான். ஊரே இடிந்து கிடந்தது, தோல் என்று ஒன்று இருந்தால் அதை ஏதோ ஒரு கால் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தோல் எங்க இருக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றான் கோஸ்மா. அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

"வாயை மூடு."

"மூடிக்கறேன். நீ காவல் அறைக்குப் போனதுக்கு அப்புறம் அவ அந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு உன்னைப் பாக்க வருவா. நல்லாத்தான் இருக்கும்."

அக்லயா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். இடிந்த வீடு ஒன்றின் நிலவறையில் குடியிருந்தாள். சவேலி போனபோது வேலை முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியும் இமையோரத்தில் கரி ஒட்டியிருந்தது. அவன் கொண்டுவந்த அமெரிக்க இறைச்சி டின்னைப் பார்த்து, "இரண்டாம் போர்முனை வந்துருச்சு" என்றாள். அந்த டின்னுக்கு நாடு முழுக்க அதுதான் பெயர். நேச நாட்டுக்காரன் போர்முனையைத் திறக்க ஆண்டுக் கணக்கில் தாமதித்தபோது ஜனங்கள் டின்னைத் திறந்து திறந்து வைத்த பெயர் அது.

கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு குவளைகளைத் துடைத்து வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ கேக்கணும்னு வந்திருக்கீங்க. மூஞ்சியே சொல்லுது. கேளுங்க, நான் கடிச்சுட மாட்டேன்."

அவள் எதை எதிர்பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. பாழாய்ப்போன நேரம் அது. அவன் அவள் காலைப் பார்த்தான். பூட்ஸின் மூக்கில் நிலக்கரித் தூள் ஏறியிருந்தது, ஆனாலும் கொழுப்பு தடவிப் பளபளப்பாக வைத்திருந்தாள்.

"அந்தப் பூட்ஸ்..." என்றான்.

"இதுக்கென்ன? அடிப்பாகம் நல்லாத்தான் இருக்கு."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சாஹ்னோ, தார்ப்பாய், காவல் அறை எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். முடித்தபோது கெட்டில் கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து இறக்கவில்லை.

"அவங்க இதையெல்லாம் எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"அவங்க படைக்குத்தான். புதுசாச் சேர்றவங்களுக்குப் பயிற்சி கொடுப்பாங்களா இருக்கும்."

"அப்படின்னா அவர் இருந்த எடத்துல ஒரு பையன் உக்காருவான்."

"ஆமா."

"இரும்புல உக்காந்தா குளிரும்" என்றாள். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். "எங்க இருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும். யாராவது ஒருத்தன் அதுல உக்காரட்டும், சண்டை இல்லாம, சும்மா, குளிரில்லாம. அவருக்கும் அது பிடிக்கும்."

"உங்க ரப்பர் செருப்பு இருக்குல்ல?"

"பூட்ஸ் வந்ததும் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கிட்டேன்."

சவேலி சட்டென்று தன் பூட்ஸைக் கழற்றப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். கோடையிலிருந்து அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம். அது அரசாங்கத்துது. அதைக் கேட்டு ஒரு கேப்டன் வருவான்."

பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். சாக்குத் துணியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டாள். அந்த இன்னொரு கேள்வியைக் கேட்காமலே அவன் திரும்பினான்.

தையலைப் பிரித்தபோது தோல் தட்டையாக விரிய மறுத்தது. கணுக்காலின் மேடும், விரல்கள் மடங்கும் இடத்துச் சுருக்கமும் அதில் ஏறியிருந்தன. நீராவி காட்டி, ஜாக்கியின் அடியில் வைத்து இரண்டு நாள் அழுத்தினான். அப்படியும் முழுக்கப் போகவில்லை. தார்ப்பாயை அடியில் கொடுத்து மேலே தோலை ஒட்டுப்போட்டுத் தைத்து முடித்தபோது, இருக்கையின் நடுவில் ஒரு காலின் உருவம் லேசாகத் தெரிந்தது. தெரிந்தவன் பார்த்தால்தான் தெரியும்.

சாஹ்னோ விரலால் தட்டினார். கிள்ளிப் பார்த்தார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே. எங்கேர்ந்து கிடைச்சுது?"

"ஒருத்தங்க கொடுத்தாங்க" என்றான் சவேலி.

அதன்பிறகு அவன் அந்த வண்டியை ஒரு மணப்பெண்ணுக்குச் செய்வதுபோலச் செய்தான். எஞ்சினைப் பிரித்துக் கழுவிச் சேர்த்தான். பீரங்கிக் குழாய்க்குள் கெட்டியாகக் கிரீஸ் அடைத்து, அதன் வாய்க்கு மரத்தில் ஓர் அடைப்பான் செதுக்கிப் பொருத்தினான், கடல் பயணத்தில் உப்புக்காற்று உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்று. பக்கத்துத் திடலில் அமெரிக்கப் போர் விமானங்கள் நின்றன, இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். விமானப் படையின் மெக்கானிக் பெண்கள் அவற்றின் கண்ணாடிகளைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விமானங்களுக்கு மோட்டார் காருக்கு இருப்பது மாதிரியே கதவும் கைப்பிடியும் உண்டு.

"ஏய், எங்க வண்டியையும் கொஞ்சம் தேச்சு விடுங்களேன்" என்று கோஸ்மா கத்தினான்.

"உன் மூஞ்சியைக் கொண்டா, முதல்ல அதைத் தேய்க்கறோம்" என்று பதில் வந்தது.

கப்பல் வந்தது. அமெரிக்கர்கள் இறங்கினார்கள். சாஹ்னோ பயமுறுத்தியது போல அவர்கள் ஒன்றும் கொம்பு முளைத்தவர்கள் இல்லை. வரிசையாக நடந்துவந்து டாங்கிகளை எண்ணினார்கள், எஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்டார்கள், கைகுலுக்கினார்கள். சாமான் பெட்டிகளைத் திறந்து காட்டச் சாஹ்னோ ஓடி ஓடிப் போனார். அவர்கள் மரியாதைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

சவேலியின் வண்டிக்கு வந்தவன் முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த ஓர் இளம் சார்ஜெண்ட். ஏதோ மென்றுகொண்டே கோபுரத்துக்குள் இறங்கினான். கமாண்டர் இருக்கையில் உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒருமுறை குதித்துப் பார்த்தான். பிறகு விரலால் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, டிரைவர் பக்கம் நின்றிருந்த சவேலியைப் பார்த்துச் சிரித்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். வெளியே வந்ததும் சவேலியின் முதுகில் ஓங்கித் தட்டி ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கையில் திணித்தான்.

சவேலிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் தட்டிக் கொடுத்ததற்கு இப்படிப் பூரித்துப்போவது அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் பூரிப்பு பூரிப்புதான். நிலக்கரிப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். அக்லயா சாக்குச் சுற்றிய காலோடு சேற்றில் நின்றாள். அவன் தூரத்திலிருந்தே அவளுக்குச் சைகை செய்தான், உட்கார்ந்தான், உட்கார்ந்தான் என்று. அவள் தலையசைத்தாள்.

கிரேன் டாங்கிகளையும் விமானங்களையும் தூக்கிக் கப்பல் தளத்தில் வைத்து முடிக்க இரண்டு நாள் ஆனது. கப்பல் கிளம்பும்போது பேண்டு வாத்தியம் வாசித்தார்கள். சாஹ்னோ புதுக் கையுறை போட்டுக்கொண்டு சல்யூட் அடித்தார். எல்லோரும் அலைதடுப்புச் சுவரின் மேல் ஏறி நின்று கையசைத்தார்கள்.

சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் நின்றது.

"எதையோ மறந்துட்டாங்க" என்றான் கோஸ்மா.

கப்பலின் பளுதூக்கி அசைந்தது. ஒரு டாங்கியைத் தூக்கியது. இடம் மாற்றி வைக்கிறார்கள்போல என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாங்கி கப்பலின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது, ஒரு கணம் தொங்கியது, பிறகு கடலில் விழுந்தது. தண்ணீர் எழும்பி அடங்கிய பிறகுதான் சத்தம் கரைக்கு வந்து சேர்ந்தது.

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"சங்கிலி அறுந்துருச்சு" என்று கத்தினார் சாஹ்னோ. "ஐயோ, அறுந்துருச்சு. டேய், படகை எடுங்க."

சவேலி அதற்குள் ஓடியிருந்தான். சுவரடியில் இழுவைப் படகு ஒன்று நீராவியோடு நின்றது. அவனும் கோஸ்மாவும் அதில் குதித்தார்கள், பின்னாலேயே சாஹ்னோ புதுக் கையுறையோடு குதித்தார். படகோட்டி ஒன்றும் கேட்காமல் கிளப்பினான். துறைமுகத்துக்காரன், கடலில் விபத்து என்றால் கேள்வி கேட்க மாட்டான்.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று சாஹ்னோ அவனிடம் கேட்டார். "முக்குளிக்கறவங்க இருக்காங்கல்ல நம்மகிட்ட? எடுத்துடலாம்ல?"

"எடுக்கலாம், எடுக்கலாம். ஒரு டாங்கிதானே" என்றான் படகோட்டி.

சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டாவது டாங்கி விழுந்தது.

கப்பலை நெருங்கியபோது மூன்றாவது தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலிகள் எல்லாம் உறுதியாகவே இருந்தன. மேலே கம்பியோரத்தில் அந்தச் செம்புள்ளி முகத்துச் சார்ஜெண்ட் நின்றான். சவேலியை அடையாளம் கண்டு சந்தோஷமாகக் கையை ஆட்டினான்.

"நிறுத்துங்க" என்று சாஹ்னோ தொண்டை கிழியக் கத்தினார். "உங்க சங்கிலியைப் பாருங்க. பொருள் விழுது."

மேலிருந்து ஒரு கப்பல்காரன் எட்டிப் பார்த்தான். அவன் தாயோ தகப்பனோ இந்தக் கரையிலிருந்து போனவர்களாக இருக்க வேண்டும், இந்த ஊர்ப் பேச்சைத் தட்டுத் தடுமாறிப் பேசினான்.

"பயப்படாதீங்க. ஒண்ணும் விழல. நாங்கதான் தள்ளறோம்."

சாஹ்னோவுக்கு அது காதில் ஏறவில்லை. "என்ன?" என்றார்.

"நாங்கதான் தள்ளறோம். ஊருக்குக் கொண்டுபோனா வைக்க எடம் இல்ல. அங்க புதுசே மைதானம் மைதானமா சும்மா நிக்குது. நீங்க கவலைப்படாதீங்க, கையெழுத்து ஆயிடுச்சு. இது இப்ப எங்க பொருள்."

"அப்ப... அப்ப எதுக்குய்யா எல்லாம் சரியா இருக்கணும்னு கேட்டீங்க? சுத்தியல், கடிகாரம், சீட்டு..."

மேலே இருந்தவன் திரும்பிச் சார்ஜெண்டிடம் ஏதோ கேட்டான். சார்ஜெண்ட் உதட்டைப் பிதுக்கினான்.

"நாங்க அதெல்லாம் கேக்கலையே" என்றான் கப்பல்காரன். "எத்தனை டாங்கி இருக்குன்னுதான் கேட்டோம்."

சாஹ்னோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. அவரை வெறுத்த எத்தனையோ பேருக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, பார்த்திருந்தாலும் அவர்களுக்குச் சந்தோஷம் வந்திருக்காது.

சவேலி தன் வண்டியின் எண்ணைப் பார்த்தான். அவனே வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண், ஒரு கோடுகூடப் பிசகாமல். வண்டி வெயிலில் பளபளத்துக்கொண்டு மெதுவாகச் சுழன்றது. அவனுக்குக் கத்தத் தோன்றியது, ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? உள்ளே ஆள் இருக்கிறார் என்றா? உள்ளே ஆள் இருப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றியது. வண்டி விழுந்தது. எழுந்த அலையில் படகு ஆடியது, உப்புத் தண்ணீர் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. நுரை வந்தது, கிரீஸ் வந்து நிறம் நிறமாகப் பரவியது. பிறகு மர அடைப்பான் மட்டும் மேலே வந்து மிதந்தது. சாஹ்னோ கையை நீட்டி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விமானங்கள் கடைசியில் வந்தன. அவை உடனே மூழ்கவில்லை, கதவு மூடியபடி சற்று நேரம் மிதந்தன. கரையில் மெக்கானிக் பெண்களின் கூச்சல் அங்கேவரை கேட்டது. கோஸ்மா தன் தொப்பியைக் கழற்றினான்.

படகு திரும்பி வந்தபோது சுவரின் மேல் கூட்டம் கலைந்திருந்தது. அக்லயா மட்டும் நிலக்கரிக் குவியல் பக்கத்தில் நின்றிருந்தாள். சவேலி அவள் எதிரே போய் நின்றான்.

"எங்களோடதும் போயிருச்சு" என்றான்.

"பாத்தேன்."

அவள் அழவில்லை. நம்ப முடியாத ஒன்றைக் கேட்டவள் போல முகம் இறுகியிருந்தது.

"அந்தப் பையன் உக்காந்தான்னு சைகை காட்டினீங்களே. நெசமாவா?"

"நெசமாத்தான். அவர் சீட்டுலதான் உக்காந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்" என்றான். "நல்லா சாஞ்சு உக்காந்தான். கண்ணை மூடிக்கிட்டான்."

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். போதாது என்று அவள் முகம் சொன்னது. எதுவும் போதாதுதான்.

"அன்னைக்கு நீங்க வேற ஏதோ கேக்க வந்தீங்க" என்றாள்.

"ஆமா."

"இன்னைக்குக் கேக்காதீங்க. இன்னைக்கு யாராவது எங்கிட்ட எதையாவது கேட்டா நான் கடிச்சுடுவேன்."

சவேலி நிலக்கரியின் மேலேயே உட்கார்ந்தான். தன் பூட்ஸைக் கழற்றினான். இரண்டையும் சேர்த்து அவள் முன்னால் வைத்தான்.

"கேப்டன் வருவான்" என்றாள்.

"வரட்டும்."

அவள் சாக்குத் துணியோடேயே காலை உள்ளே விட்டாள். அவளுக்கு அது மிகப் பெரியது. நடந்தபோது தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. அவள் போய் மறையும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முகாமுக்கு அவன் காலுறைத் துணியோடு சேற்றில் நடந்து வந்தபோது சாஹ்னோ தன் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மர அடைப்பான் இன்னும் கையில் இருந்தது. அவன் காலைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது.

"அரசாங்க பூட்ஸ் எங்கய்யா?"

"கடல்ல போயிருச்சு, தோழர் கேப்டன்."

சாஹ்னோ நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"விழுந்துச்சா, தள்ளினியா?"

"தள்ளினேன்."

சாஹ்னோ மர அடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அறைக்குப் பின்னால் காவல் அறை. அதன் கம்பிக்குள்ளிருந்து கடிகாரக்காரன் குரல் கொடுத்தான், கப்பல் கிளம்பியாச்சா, அமெரிக்காக்காரன் கடிகாரத்தைப் பத்தி ஏதாவது கேட்டானா என்று.